எட்டு நொடித் தேநீரும் எட்டு மணி நேர வேலைநாளும்

சீனப் பெருநகரங்களின் வணிக வளாகங்களில் இன்று தேநீர் வாங்குபவர், பெரும்பாலும் ஒரு மனிதரிடம் அதைக் கேட்பதில்லை. கைப்பேசித் திரையில் தேநீரின் பெயரையும் இனிப்பின் அளவையும் தொட்டுத் தேர்ந்தெடுத்து, அதிலேயே பணத்தையும் செலுத்திவிடுகிறார். கடைக்குள் ஒரு சீட்டு அச்சாகி வெளிவருகிறது. சீருடை அணிந்த இளம் பெண் ஒருவர் அதைக் கோப்பையின்மேல் ஒட்டி எந்திரத்தின் முன் காட்டுகிறார். எந்திரம் அந்தச் சீட்டைப் படிக்கிறது. தேநீர்ச் சாறு, பால், சர்க்கரைப் பாகு, பனிக்கட்டி ஆகியவற்றை அளந்து ஊற்றுகிறது. எட்டே நொடிகளில் ஒரு கோப்பை என்பது இத்துறையில் பெருமையோடு சொல்லப்படும் கணக்கு.

எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் தொழிலாளி வர்க்க இயக்கத்தில் வளர்ந்த எவருக்கும் வேறொரு கணக்கு நினைவுக்கு வரும். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கென்று ஒரு வாழ்வு என்னும் கணக்கு அது. முதல் எட்டை எந்திரம் சாதித்துவிட்டது. அதனால் இரண்டாம் எட்டு தொழிலாளிக்குக் கிடைத்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்தக் கேள்வியை முதலாளித்துவ நாடு ஒன்றைப் பற்றிக் கேட்பது நமக்கு எளிது. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இயங்கும் சீனத்தைப் பற்றிக் கேட்கும்போது சற்றுத் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தின் காரணமாகவே இதைக் கேட்டாக வேண்டும் என்று கருதுகிறேன்.

ஒரு சொல்லுக்குள் இருக்கும் உழைப்பு

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்தில் உள்ள சாவ்சோவ் வட்டாரத்திலும், அதையொட்டிய ஃபூஜியன் மாகாணத்திலும் வழங்கும் தேநீர் முறைக்குக் 'குங்ஃபூ தேநீர்' என்று பெயர். நம்மவர்கள் திரைப்படங்களில் பார்த்த சண்டைக்கலையின் பெயரும் இதுவே. ஆனால் அச்சொல்லின் அடிப்படைப் பொருள் சண்டையன்று. ஒன்றைச் செய்வதற்குச் செலவிடும் நேரம், அதில் கொட்டும் உழைப்பு, அந்த உழைப்பால் கைவந்த திறன் ஆகிய மூன்றையும் அச்சொல் சேர்த்தே குறிக்கிறது. அதன் முதல் எழுத்தான 'கோங்' உழைப்பைக் குறிப்பது. தொழிலாளி என்னும் பொருள்தரும் 'கோங்ரென்', தொழிற்சங்கம் என்னும் பொருள்தரும் 'கோங்ஹுய்' ஆகிய சொற்களிலும் அதே எழுத்துத்தான் முன்னே நிற்கிறது. தமிழில் இதைப் 'பாடுபட்டுப் போட்ட தேநீர்' எனலாம். அல்லது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் 'கைப்பக்குவம்' என்ற சொல்லை அதற்கு ஈடாக வைக்கலாம்.

அந்தப் பாடு எத்தகையது? கரி அடுப்பில் நீர் கொதிக்கிறது. கைப்பிடிக்குள் அடங்கும் சிறு மண்கெண்டியை வெந்நீரால் சூடாக்கி, அதில் பாதிக்குமேல் இலையை நிரப்புகிறார்கள். முதல் நீரை இலையைக் கழுவுவதற்கு ஊற்றி வடித்துவிடுகிறார்கள். அடுத்த நீர் இலையோடு சில நொடிகளே நிற்கிறது. ஒரே இலையில் ஏழெட்டு முறை நீர் ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்பதை இலையின் தன்மையும் அன்றைய நீரின் கொதியும் தீர்மானிக்கின்றன. அதைக் கணிப்பது ஊற்றுபவரின் கண்ணும் மூக்கும் கையுமே.

ஊற்றும் முறையில்தான் எனக்குப் பெருவியப்பு. மூன்று சிறு கோப்பைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, கெண்டியை அவற்றின்மேல் நிற்காமல் சுழற்றி ஊற்றுகிறார்கள். முதலில் விழும் நீர் இளஞ்சாறு, கடைசியில் விழுவது கடுஞ்சாறு என்பதால், ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒருவருக்கு வெளிறியதும் மற்றவருக்குக் கசப்பும் கிடைக்கும். ஆகவே எல்லாக் கோப்பைகளும் ஒன்றாகவே நிரம்ப வேண்டும். இதற்கு, மூன்று அரசுகளின் காலத்து வீரனான குவான் யூ நகர்வலம் வருவதாக ஓர் அழகிய பெயர் இருக்கிறது. கெண்டியில் எஞ்சிய கடைசித் துளிகளையும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒவ்வொன்றாகப் பங்கிடுகிறார்கள். ஹான் வம்சத்தை நிறுவப் போரிட்ட தளபதி ஹான் ஷின் படைவீரர்களை எண்ணுவதாக அதற்குப் பெயர். பந்தி வஞ்சனை கூடாது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதையே ஒரு கைத்திறனாக வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கும் நமக்கும் சொல்வழி உறவும் உண்டு. ஃபூஜியன் கரையோரப் பேச்சுவழக்கில் இந்த இலைக்குத் 'தே' என்று பெயர். கடல்வழியே உலகெங்கும் சென்ற அச்சொல்லே நம்மிடம் தேயிலை ஆயிற்று, தேநீர் ஆயிற்று. வேறு வழியில் வந்த 'சா' வட இந்தியாவில் சாய் ஆயிற்று.

பழமைக்கு மாலை சூட்ட வேண்டாம்

இவ்வளவும் சொன்னதால், பழைய தேநீர் விடுதி ஒரு சொர்க்கம், எந்திரம் அதைக் கெடுத்துவிட்டது என்று நான் எழுதப் போவதாக வாசகர்கள் கருத வேண்டாம். அப்படி எழுதுவது எளிது. ஆனால் அது உண்மையன்று.

சிச்சுவான் மாகாணத்தின் செங்டூ நகரம் தேநீர் விடுதிகளுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள மக்கள் பூங்காவில் 1923இல் தொடங்கப்பட்ட ஹெமிங் விடுதி இன்றும் இயங்குகிறது. நீண்ட மூக்குள்ள செப்புக் கெண்டியால் தொலைவிலிருந்தே சிந்தாமல் ஊற்றும் பணியாளரைத் 'தேநீர்ப் பண்டிதர்' என்று மரியாதையாக அழைப்பது சீன வழக்கம். ஆனால் பட்டம் பெரிதாக இருந்தவருக்குக் கூலியும் பெரிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. நாள் முழுதும் நின்றபடி, கொதிநீர் சுமந்து, அடுப்பின் புகையை மூச்சில் வாங்கிப் பிழைத்த கூலியாள் அவர்.

லாவ் ஷே 1957இல் எழுதிய 'தேநீர் விடுதி' நாடகம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பெய்ஜிங் நகரத்து விடுதி ஒன்றில் அரை நூற்றாண்டுச் சரித்திரம் மூன்று அங்கங்களாக நடந்தேறுகிறது. முதல் அங்கத்திலேயே வறுமையால் நொறுங்கிய ஓர் உழவர், தம் மகளை அரண்மனை அலி ஒருவருக்கு விற்கிறார். அந்த விற்பனை நடக்கும் இடம் தேநீர் மணம் கமழும் அதே கூடந்தான். நேர்த்தியாகத் தேநீர் ஊற்றப்பட்ட சமூகம் நேர்மையான சமூகமாக இருக்கவில்லை. 1949 புரட்சி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது.

எந்திரம் தேநீருக்குள் நுழைவதும் இதுவே முதன்முறையன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷார் சீனத்திலிருந்து தேயிலைச் செடிகளையும் தேயிலை பதப்படுத்தத் தெரிந்த சீனக் கைவினைஞர்களையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கைவினைஞர்களின் திறனைக் கற்றுக்கொண்டபின், 1870களில் இலையை உருட்டவும் உலர்த்தவும் எந்திரங்களை நிறுவினார்கள். கையால் உருட்டிய சீனத் தேயிலை உலகச் சந்தையில் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆனால் அந்த எந்திரத்தால் அஸ்ஸாம் தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? வேலையை விட்டுப் போனால் சிறைத்தண்டனை என்று மிரட்டிய ஒப்பந்தக் கூலிமுறை தொடர்ந்தது. ஆலைக்குள் எந்திரம் வேகமாக ஓடியதால், அதற்குத் தீனிபோட வெளியே இலை பறித்த பெண்களின் விரல்களும் வேகமாக ஓட வேண்டியதாயிற்று.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் எந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தைத் தொடங்கும்போது, அதுவரை கண்டுபிடிக்கப்பட்ட எந்திரங்கள் எந்த மனிதரின் அன்றாடப் பாட்டையாவது குறைத்தனவா என்னும் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் ஐயத்தை எடுத்துக்காட்டி, பாட்டைக் குறைப்பது மூலதனத்தின் நோக்கமே அல்ல என்று பதில் தருகிறார். தோட்டங்களின் வரலாறு அந்தப் பதிலுக்கு ஓர் அடிக்குறிப்பு.

எந்திரத்துக்குள் போன கைப்பக்குவம்

இனி இன்றைய கடைக்கு வருவோம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் சீனத்தில் 'புதிய பாணித் தேநீர்' என்னும் பெருந்தொழில் எழுந்திருக்கிறது. 2012இல் குவாங்டோங்கின் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய ஹேட்டீ, 2021இல் ஹாங்காங் பங்குச்சந்தைக்கு வந்த நாயுக்கி, 2017இல் யுன்னானில் பிறந்து 2025இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குச் சென்ற சாஜீ ஆகியவை அவற்றுள் சில. 2025இல் ஹாங்காங் சந்தைக்கு வந்த மீஷுவே நிறுவனத்துக்கு 45,000க்கும் மேற்பட்ட கடைகள். எண்ணிக்கையில் அது மெக்டொனால்ட்ஸையே விஞ்சிவிட்டது.

இத்தனை கடைகளிலும் ஒரே சுவை கிடைக்க வேண்டும் என்பது மூலதனத்தின் தேவை. கைப்பக்குவம் ஆளுக்கு ஆள் மாறுவது. ஆகவே அதை ஆளிடமிருந்து பிரித்தெடுத்து எந்திரத்துக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. எத்தனை கிராம் இலை, எத்தனை பாகை வெப்பம், எத்தனை நொடி ஊறல் என்பவை எண்களாக மாற்றப்பட்டு எந்திரத்தில் பதியப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாகப் பெயர் தெரியாத உழைப்பாளிகள் ஊற்றி ஊற்றிக் கண்டறிந்த அறிவுதான் அது. இன்று அது நிறுவனத்தின் சொத்து. மார்க்ஸ் செத்த உழைப்பு என்று சொன்னது இதைத்தான். உயிருள்ள உழைப்பாளி இப்போது அதற்குக் கோப்பை நீட்டுகிறார்.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவது, பயிற்சிக் காலம் சுருங்குகிறது. மாதக்கணக்கில் கற்க வேண்டியிருந்ததைச் சில நாட்களில் கற்றுவிடலாம் என்றால், அந்தத் தொழிலாளியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்றும் பொருள். பேரம் பேசும் வலிமையைத் தருவது திறன். திறன் எந்திரத்துக்குப் போனால் அந்த வலிமையும் அதனோடு போகிறது.

இரண்டாவது, வேகத்தை இனி எந்திரமும் கைப்பேசிச் செயலியும் தீர்மானிக்கின்றன. 2025 கோடையில் மெய்துவான், அலிபாபா, ஜேடி ஆகிய பெருநிறுவனங்கள் வீட்டு விநியோகச் சந்தையைப் பிடிக்கத் தள்ளுபடிப் போர் நடத்தின. தேநீர் ஏறத்தாழ இலவசமாகவே கிடைத்த நாட்கள் உண்டு. நுகர்வோருக்குக் கொண்டாட்டம், கடைக்குள் நின்ற பணியாளர்களுக்கோ முழக்கணக்கில் நீண்ட சீட்டுச் சுருளும், தரையெங்கும் பரவிக் கிடந்த கோப்பைகளும். இறுதியில் அரசின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு அந்நிறுவனங்களை அழைத்துக் கண்டிக்க வேண்டியதாயிற்று. எந்திரம் ஒரு கோப்பைக்கான நேரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் கோப்பைகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறியது.

மூன்றாவது, சிறு உடைமையாளரும் இதில் சிக்குகிறார். மீஷுவேயின் கடைகள் ஏறத்தாழ அனைத்தும் உரிமம் பெற்று நடத்தும் சிறு முதலீட்டாளர்களுடையவை. நிறுவனத்தின் வருவாயில் மிகப்பெரும் பகுதி, அவர்களுக்கு மூலப்பொருட்களையும் கருவிகளையும் விற்பதிலிருந்தே வருகிறது. நான்கு யுவானுக்கு எலுமிச்சை நீர் விற்கும் கடைக்காரர், தாம் விற்பவர் என்று நினைக்கிறார். பெருநிறுவனத்தின் கண்ணுக்கோ அவரே முதல் வாடிக்கையாளர்.

மிச்சமான நேரம் யாருடையது?

இப்போது நம் கேள்விக்கு வரலாம். சீனத்தின் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவானது. 1995 மே 1 முதல் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி என்பதே அங்கு முறைப்படியான வேலை நேரம். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள் என்னும் '996' முறை சட்டவிரோதம் என்று 2021 ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றமும் மனிதவள அமைச்சகமும் எடுத்துக்கூறின. அதே ஆண்டு ஜூலையில், செயலிவழித் தொழிலாளர்களின் உரிமைகளைக் காக்கும் வழிகாட்டுதல்களை அமைச்சகங்களும் அகில சீனத் தொழிற்சங்க சம்மேளனமும் சேர்ந்து வெளியிட்டன. பெருநிறுவனங்களின் காதைத் திருகும் துணிவு அந்த அரசுக்கு உண்டு என்பதை மறுப்பவர் உண்மையை மறுப்பவர்.

ஆனால் அதே அரசின் புள்ளிவிவர அலுவலகம் தரும் கணக்கின்படி, 2023இல் நிறுவன ஊழியர்களின் சராசரி வேலை நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி. சட்டம் சொன்ன 40க்கும் நடைமுறையின் 49க்கும் இடையே ஒன்பது மணி நேரம் இருக்கிறது. முழுதாக ஒரு வேலைநாளைவிட அதிகம். இன்னொரு புறம், 2023 ஜூனில் நகர்ப்புறத்தில் 16 முதல் 24 வயதுக்குட்பட்டோரிடையே வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. சிலருக்கு ஓய்வில்லாத வேலை, சிலருக்கு வேலையில்லாத ஓய்வு. எட்டு நொடியில் தேநீர் தரும் தொழில்நுட்பம் இருக்கும் சமூகத்தில் இந்த இரண்டும் ஒருசேர இருப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமாக முடியாது. எந்திரத்தின் பலனைப் பங்கிடும் உறவே காரணம்.

கெண்டியை நினைத்துப் பாருங்கள். அது ஒரே கோப்பையின்மேல் நின்றுவிட்டது. மிச்சமான நேரம் என்னும் கடுஞ்சாறு முழுவதும் அந்த ஒரு கோப்பையில் விழ, மற்றக் கோப்பைகளுக்கு வெளிறிய நீர்.

2022 நவம்பரில் யுனெஸ்கோ, சீனத்தின் மரபார்ந்த தேயிலை பதப்படுத்தும் நுட்பங்களையும் அவற்றோடு இணைந்த சமூக வழக்கங்களையும் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் மரபு எதனால் உயிர்வாழும்? நண்பர் இருவரோடு அமர்ந்து மூன்று கோப்பை ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் உழைப்பாளிக்கு இல்லாதபோது, குங்ஃபூ தேநீர் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவும் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியாகவும் சுருங்கும். எட்டு நொடித் தேநீரை ஓட்டமும் நடையுமாகக் குடிப்பவர் ரசனை கெட்டவர் அல்லர். நேரம் பறிக்கப்பட்டவர். பண்பாட்டைக் காப்பதற்கான முதல் சட்டம் வேலைநேரச் சட்டமே.

நமது அனுபவத்திலிருந்து

எந்திரத்தை எதிர்ப்பவர்கள் என்ற வசை நமக்குப் புதிதல்ல. 1960களில் கல்கத்தாவின் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கணினி நுழையாதவாறு ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள் இரவுபகலாகக் காவல் நின்றார்கள். இன்றுவரை அதைச் சொல்லி நம்மை நையாண்டி செய்வோர் உண்டு. அந்த ஊழியர்கள் கேட்டது, எங்கள் வேலை என்னவாகும் என்பதை. அதற்கு விடைதராமல் எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குவதே அன்றைய நிர்வாகங்களின் வழக்கம். பின்னர் 1983இலும் 1987இலும் வங்கித் தொழிற்சங்கங்கள் கணினிமயம் குறித்து நிர்வாகங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்திரம் எங்கே, எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பதைத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து தீர்மானிக்க முடியும் என்பதற்கு அது சான்று. அந்த ஒப்பந்தங்களில் குறை கண்டவர்களும் இருந்தார்கள். ஆயினும் மேசையில் நமக்கு ஓர் இருக்கை இருந்தது.

என் தொழிலும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. மொழிபெயர்ப்பு எந்திரம் இப்போது என் மேசைக்கே வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன், வேலைநிறுத்தம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை அது தமிழாக்கியபோது, 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லைத் 'தாக்குதல்' என்று ஆக்கித் தொழிலாளர்களை வன்முறையாளர்களாக்கிவிட்டது. நாங்கள் சிரித்தோம். இன்று அது அந்தத் தவற்றை அரிதாகவே செய்கிறது. என் சிரிப்பும் குறைந்துவிட்டது. என்னைப் போன்ற ஆயிரம் பேர் முப்பது ஆண்டுகளாக எழுதிய வாக்கியங்களை வாசித்தே அது கற்றுக்கொண்டது. சாவ்சோவ் நகரத்துத் தேநீர்க்காரரின் கைப்பக்குவம் எந்திரத்துக்குள் போன கதையை நான் தொலைவிலிருந்து வேடிக்கை பார்க்கவில்லை.

இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரம் தட்டுத்தடுமாறிப் பெயர்க்க வேண்டிய புள்ளிவிவர அறிக்கையை எந்திரம் ஒரு நிமிடத்தில் பெயர்த்துத் தரும்போது, எனக்கு அது வரமாகவே படுகிறது. மிச்சமான நேரத்தில் ஒரு நல்ல கட்டுரையை நின்று நிதானித்துப் பெயர்க்க முடிகிறது. எந்திரம் என் நேரத்தை எனக்குத் திருப்பித் தந்தால் அது தோழன். அந்த நேரத்தை வேறொருவருக்கு எடுத்துக் கொடுத்தால் அது கங்காணி. எந்திரம் ஒன்றே, அது யாருடைய கையில் என்பதுதான் வேறு.

கேட்க வேண்டியது என்ன?

ஆகவே நமது கோரிக்கை எந்திரத்தை நிறுத்துங்கள் என்பதன்று. எந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் கூலி குறையாமல் தொழிலாளியின் வேலைநாளிலிருந்து கழிக்கப்பட வேண்டும். திறனை எந்திரத்துக்குக் கொடுத்தவருக்கு, மேலான திறனைக் கற்கும் வாய்ப்பை நிறுவனத்தின் செலவில் தர வேண்டும். எந்திரம் நிறுவுவதற்கு முன் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் வேண்டும். எந்திரமயத்தைக் காரணம் காட்டி ஆட்குறைப்பு செய்யக் கூடாது.

சீனத்தில் இவற்றைச் சாதிப்பதற்கான சட்டமும் அரசியல் வலிமையும் நம்மிடம் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. ஆகவே அங்கே எதிர்பார்ப்பும் அதிகம். 49 மணி 40 ஆகும் நாளில், சோசலிசத்தின் மேன்மையை நாம் புத்தகங்களைக் காட்டி விளக்க வேண்டியிராது.

இந்தியாவிலோ காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2023இல் கர்நாடகம் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைநாளுக்கு வழிதிறந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் அத்தகைய சட்டத்திருத்தம் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் தோழமைக் கட்சிகளும் எழுப்பிய எதிர்ப்பால் மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. எந்திரங்கள் பெருகும் காலத்தில் வேலைநாளை நீட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? உற்பத்திக்கு அது தேவையில்லை. இலாபத்துக்கு மட்டுமே தேவை.

குங்ஃபூ என்ற சொல்லுக்கு நேரம் என்றும் உழைப்பு என்றும் பொருள் என்று கண்டோம். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த மக்கள், உழைப்பவருக்கே நேரம் உரியது என்பதை என்றோ அறிந்திருக்க வேண்டும். தேநீரை எட்டு நொடியில் எந்திரமே ஊற்றட்டும். அதை உட்கார்ந்து, மூவரோடு பேசியபடி, ஆறும் முன் குடித்து முடிக்கும் நேரம் அதை ஊற்றிய பெண்ணுக்கும் வேண்டும்.